பழைய பிரிட்டிஷ் லாரிகளும் அவற்றின் எஞ்சின்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 1950களிலிருந்து 1980கள் வரை கனரக லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் எஞ்சினில் வந்து நிற்கும். கார்ட்னர், கமர், ஏ.இ.சி. என்று பெயர்கள் பறக்கும். "நூற்றைம்பது", "நூற்றெண்பது" என்று எண்கள் விழும். பக்கத்தில் இருந்து கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்தப் பேச்சைப் பின்தொடர வேண்டிய அளவுக்கு இங்கே பதில் இருக்கிறது. எது நியாயமான பெருமை, எது வெறும் பழம்பெருமை என்பதில் என் கருத்தையும் இடையிடையே சொல்லியிருக்கிறேன்.

லாரியின் பெயரை விட்டுவிட்டு ஏன் எஞ்சின் பெயரைச் சொல்கிறார்கள்?

அன்றைய பிரிட்டிஷ் லாரி கம்பெனிகளில் பல, எஞ்சினைத் தாங்களே செய்யவில்லை. அட்கின்சன், இ.ஆர்.எஃப். போன்றவர்கள் சேஸியும் கேபினும் செய்வார்கள். எஞ்சினை கார்ட்னரிடமோ கம்மின்ஸிடமோ ரோல்ஸ்-ராய்ஸிடமோ வாங்கிப் பொருத்துவார்கள். கியர்பாக்ஸ் டேவிட் பிரவுன் அல்லது ஃபுல்லர். முதலாளி ஆர்டர் கொடுக்கும்போதே எந்த எஞ்சின் வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதனால் "அட்கின்சன் ஓட்டினேன்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி "எந்த எஞ்சின்?" என்றுதான் வரும். வெளியே ஒரே மாதிரி நிற்கும் இரண்டு வண்டிகள் மேட்டில் ஏறும்போது இரண்டு வேறு வண்டிகளாக இருக்கும்.

லேலண்ட், ஏ.இ.சி. போன்றவர்கள் இதற்கு விலக்கு. அவர்கள் எஞ்சினையும் தாங்களே செய்தார்கள்.

கார்ட்னர் எஞ்சினில் அப்படி என்ன விசேஷம்?

மான்செஸ்டர் பக்கத்தில் பாட்ரிகிராஃப்ட் என்ற இடத்தில் எல். கார்ட்னர் அண்ட் சன்ஸ் என்ற கம்பெனி செய்த டீசல் எஞ்சின் இது. 1930களின் தொடக்கத்தில் எல்டபிள்யூ வரிசை வந்தது. அதில் ஆறு சிலிண்டர் எஞ்சின் 6எல்டபிள்யூ, 8.4 லிட்டர், நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். 1950களின் கடைசியில் 10.45 லிட்டர் 6எல்எக்ஸ் வந்தது. டிரைவர்கள் வாயில் அதுதான் "நூற்றைம்பது". 1960களில் அதையே மெருகேற்றி 6எல்எக்ஸ்பி என்று விட்டார்கள். அது "நூற்றெண்பது". பிறகு எட்டு சிலிண்டரை ஒரே வரிசையில் நிறுத்தி 240 குதிரைத்திறனில் ஒன்று செய்தார்கள். நீளத்துக்கே அதைப் பார்க்க வேண்டும்.

விசேஷம் இந்த எண்களில் இல்லை, எஞ்சின் சுற்றும் வேகத்தில் இருக்கிறது. 6எல்எக்ஸ் தன் முழுத்திறனையும் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் கொடுத்துவிடும். நூற்றெண்பதுக்கு 1,850. அதற்கு மேல் போக, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி விடாது. காற்றை அழுத்தி உள்ளே ஏற்றும் டர்போ கிடையாது. பிஸ்டன் போய்வரும் தூரம் 6 அங்குலம். ஆயிரம் சுற்றை ஒட்டித்தான் அதன் இழுவிசை உச்சத்தில் இருக்கும். அதாவது மேட்டில் வேகம் குறையக் குறைய எஞ்சின் இன்னும் கெட்டியாகப் பிடித்து இழுக்கும். பழக்கமில்லாதவர் "நின்றுவிடும்போல இருக்கிறதே" என்று கீழ் கியருக்குப் போவார். தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

இரண்டாவது, டீசல் சிக்கனம். டிரைவரைவிட முதலாளிக்கு அதுதான் முக்கியம். மூன்றாவது, குளிரில் கிளம்பும் குணம். ஃப்யூயல் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கைப்பிடி நெம்புகோல் இருக்கும். அதை வரிசையாக அழுத்தி டீசலை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஹீட்டர் பிளக் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை மூன்று மூன்றாக இரண்டு துண்டாகச் செய்திருந்ததால் ஒரு பக்கத்தில் வேலை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றினால் போதும். மெக்கானிக்குகள் இதற்காகவே கார்ட்னரைக் கொண்டாடுவார்கள்.

180 குதிரைத்திறனில் 32 டன் லாரியா? எப்படி ஏறினார்கள்?

மெதுவாக. கணக்குப் போட்டே பார்க்கலாம். இருபது அடி போனால் ஓர் அடி ஏறும் மேடு. மொத்த எடை 32 டன். டயர் உருளும் தடையையும் கியர்களில் வீணாகும் சக்தியையும் கழித்தால், 180 குதிரைத்திறன் அந்த வண்டியை மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் தள்ளும். இன்றைய 500 குதிரைத்திறன் லாரி 44 டன்னோடு அதே மேட்டில் 48-ஐ ஒட்டிப் போகும்.

அந்தக் காலச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். காலி எடை 3 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிக்கு 1957 வரை பிரிட்டனில் வேக வரம்பே மணிக்கு 20 மைல்தான். அந்த ஆண்டுதான் 30 ஆக்கினார்கள். முதல் மோட்டார்வேயான (அதிவேக நெடுஞ்சாலை) பிரஸ்டன் பைபாஸ் 1958 டிசம்பரில் திறந்தது, எம்1 அடுத்த ஆண்டு. அதுவரை வேகமாகப் போகச் சாலையும் இல்லை, அனுமதியும் இல்லை. கார்ட்னர் அந்த உலகத்துக்காகச் செய்த எஞ்சின்.

ஷாப் மேடு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எது?

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே மேற்குப் பக்கம் ஓடும் ஏ6 சாலையில், கெண்டல் தாண்டி வரும் மலைப்பகுதி. உச்சி சுமார் 1,400 அடி. நமக்கு இது மலையே இல்லை என்று தோன்றலாம். ஆனால் பனி, மூடுபனி, பக்கவாட்டுக் காற்று, முன்னால் நகர மறுக்கும் இன்னொரு லாரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தச் சில மைல்கள் ஒரு இரவையே தின்றுவிடும். பனியில் மாட்டிக்கொண்டு லாரிகள் வரிசையாக நின்ற குளிர்காலங்கள் உண்டு. 1970-ல் எம்6 மோட்டார்வே அந்தப் பக்கமாக வந்ததும் ஷாப் கதைகள் முடிந்தன.

கமர் லாரியின் சத்தத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அந்த எஞ்சின் மாதிரி இன்னொன்று பிரிட்டிஷ் லாரிகளில் வந்ததில்லை. பெயர் டிஎஸ்3. கமரின் உரிமையாளரான ரூட்ஸ் குழுமம் 1954-ல் கமர் லாரிகளில் பொருத்த ஆரம்பித்தது. 3.26 லிட்டர், மூன்று சிலிண்டர், ஆனால் பிஸ்டன் ஆறு. டூ-ஸ்ட்ரோக் டீசல்.

எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இது அழகான யோசனை. சிலிண்டர்கள் குறுக்கே படுத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும். இரண்டும் நடுவை நோக்கி வந்து காற்றை நசுக்கும்போது, நடுவில் டீசல் பீய்ச்சப்படும். வெடித்ததும் இரண்டும் வெளியே தள்ளப்படும். போகிற வழியில் ஒரு பிஸ்டன் புகை வெளியேறும் துளைகளைத் திறக்கும், மற்றது புதுக்காற்று நுழையும் துளைகளைத் திறக்கும். புளோயர் காற்றை உள்ளே தள்ளிப் புகையை விரட்டும். வால்வு கிடையாது. சிலிண்டர் ஹெட் கிடையாது. ஆகவே ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போகும் கவலையும் கிடையாது.

சரி, எதிரெதிராக ஓடும் ஆறு பிஸ்டன்களின் சக்தி ஒரே கிராங்கில் (பிஸ்டனின் தள்ளலைச் சுழற்சியாக்கும் தண்டு) எப்படிச் சேரும்? ஒவ்வொரு பிஸ்டனுக்கும் வெளியே ஒரு பெரிய ராக்கர் கை. பிஸ்டன் அதன் மேல்முனையைத் தள்ளும், கீழ்முனை இன்னொரு ராடு வழியாக அடியில் இருக்கும் கிராங்கைத் திருப்பும். இப்படி எல்லாம் படுக்கைவசமாக அமைந்ததால் எஞ்சின் தட்டையாக டிரைவர் சீட்டுக்கு அடியில் அடங்கிவிட்டது. கேபினுக்குள் பெரிய எஞ்சின் பெட்டி துருத்திக்கொண்டு நிற்காது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

சத்தத்துக்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக்கில், மற்ற எஞ்சின்களைப் போல இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்றில்லாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். வால்வு மெல்லத் திறக்கும் தாமதம் இல்லாமல் துளைகள் சட்டென்று திறப்பதால், புகை அறைந்ததுபோல வெளியே வரும். மேட்டில் லோடு இழுக்கும்போது அது குரைப்புக்கும் கர்ஜனைக்கும் நடுவில் ஒரு சத்தம். கேட்டவர்கள் மறப்பதில்லை. நான்கு சிலிண்டரில் அடுத்த எஞ்சினும் சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது. ரூட்ஸ் குழுமம் அமெரிக்கக் கம்பெனியான கிரைஸ்லர் கைக்குப் போனபிறகு அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

ஃபோடனும் டூ-ஸ்ட்ரோக் செய்ததாமே?

ஃபோடன் என்ற பிரிட்டிஷ் லாரி கம்பெனியும் செய்தது, 1948-லிருந்து. ஆறு சிலிண்டர், நான்கு லிட்டர் சொச்சம். ஒரு கணக்கு: 1,700 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் கார்ட்னர் நிமிடத்துக்கு 5,100 தடவை வெடிக்கும். 2,000 சுற்றில் ஓடும் ஃபோடன் டூ-ஸ்ட்ரோக் 12,000 தடவை. அது அலறியதற்குக் காரணம் இதுதான். அந்த எஞ்சின் உச்சத்தில் சுற்றினால்தான் இழுக்கும், கொஞ்சம் சோர்ந்தால் ஒன்றும் இருக்காது. அதற்காகவே பன்னிரண்டு கியர் வைத்தார்கள். கார்ட்னரில் பழகிய டிரைவருக்கு இது நேர்தலைகீழ் வித்தை.

இ.ஆர்.எஃப். என்பது யாருடைய பெயர்?

எட்வின் ரிச்சர்ட் ஃபோடன். ஃபோடன் குடும்பத்து ஆள்தான். செஷயரில் சாண்ட்பாக் ஊரில் ஃபோடன் கம்பெனி நீராவி லாரிகளில் பெயர் வாங்கியது. இனி டீசல்தான் என்று இவர் சொன்னார், குடும்பம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பிரிந்துவந்து 1933-ல் தன் முதல் எழுத்துகளிலேயே கம்பெனி தொடங்கி, கார்ட்னர் எஞ்சின் போட்டு முதல் லாரியை இறக்கினார். கொஞ்ச காலத்தில் ஃபோடனும் டீசலுக்கு வந்தது. ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகளும் பல பத்தாண்டுகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு லாரி செய்தன.

லேலண்டை ஒருவர் புகழ்கிறார், இன்னொருவர் திட்டுகிறார். யாரை நம்புவது?

எந்த ஆண்டு லேலண்ட் என்று முதலில் கேளுங்கள். 1940களின் கடைசியில் வந்த 9.8 லிட்டர் 600-ம், அதன் பிறகு வந்த 11.1 லிட்டர் 680-ம் அருமையான எஞ்சின்கள். 680-ஐ லைசென்ஸில் போலந்து செய்தது. நெதர்லாந்தின் டாஃப், தன் 11.6 லிட்டர் எஞ்சினை அதிலிருந்துதான் வளர்த்தெடுத்தது. காமெட் லாரி நம் பக்கத்திலும் தெரிந்த பெயர்: 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது, எண்ணூரில் காமெட் தயாரானது. வண்டிகளுக்கு விலங்குப் பெயர் வைப்பது லேலண்டின் பழக்கம். பீவர், ஹிப்போ, எட்டுச் சக்கரத்துக்கு ஆக்டோபஸ்.

திட்டுபவர் பெரும்பாலும் 500 வரிசையைச் சொல்வார். 1960களின் கடைசியில் வந்த 8.2 லிட்டர் எஞ்சின் அது. ஹெட்டையும் பிளாக்கையும் ஒரே வார்ப்பாகச் செய்துவிட்டால் கேஸ்கெட் போகும் தொல்லையே இருக்காது என்று நினைத்தார்கள். நினைப்பு சரி. ஆனால் வால்வில் ஒரு சின்ன வேலை என்றால்கூட மேலே திறக்க வழியில்லை. கீழிருந்து கிராங்கை இறக்கி, பிஸ்டன்களை உருவிய பிறகுதான் அங்கே போக முடியும். சூடாகும் வியாதி வேறு. பைசன், பஃபலோ லாரிகள் அந்த எஞ்சினோடு வந்து, நல்ல கேபின் இருந்தும் பெயரைக் கெடுத்துக்கொண்டன. ஆகவே இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஏ.இ.சி.?

லண்டனில் சவுத்ஹாலில் இருந்த கம்பெனி, லண்டன் பஸ்களால் புகழ்பெற்றது. மேமத் மேஜர், மாண்டேட்டர் லாரிகளை ஓட்டியவர்கள் கார்ட்னரைவிடச் சுறுசுறுப்பு என்பார்கள், அது சரிதான். 1962-ல் லேலண்டோடு இணைந்தது. 1968-ல் விட்ட வி8 (எட்டு சிலிண்டரை 'வி' வடிவில் வைத்த) எஞ்சின் சூடும் பேரிங் தொல்லையுமாகத் திணறிச் சீக்கிரமே மறைந்தது. 1979-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது.

டபுள் கிளச் என்பதை ஏன் கலை மாதிரி பேசுகிறார்கள்?

அந்தக் கியர்பாக்ஸ்களில் சின்க்ரோமெஷ் இல்லை. பல்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் கியர் விழும். இல்லையென்றால் கடகடவென்று அரைக்கும், ஊரே திரும்பிப் பார்க்கும். மேல் கியருக்குப் போக: கிளச்சை மிதி, நியூட்ரலுக்கு எடு, கிளச்சை விடு, எஞ்சின் சுற்று இறங்கும்வரை பொறு, மறுபடி கிளச், கியர். கீழே இறங்குவது இன்னும் கஷ்டம், நியூட்ரலில் இருக்கும்போது சரியான அளவுக்கு ஆக்சிலேட்டரைக் கொடுத்து எஞ்சினை ஏற்ற வேண்டும்.

கார்ட்னரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கனமான ஃபிளைவீல் (சுழல் சக்கரம்) இருப்பதால் சுற்று சீக்கிரம் இறங்காது. மேட்டில் மேல் கியர் போட நினைத்து நியூட்ரலில் காத்திருந்தால், எஞ்சின் அடங்குவதற்குள் லாரியே அடங்கிவிடும். பிறகு பழைய கியரும் விழாது. அதற்காகக் கிளச் மிதியை அடிவரை அழுத்தினால் சுற்றைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்ன பிரேக்கை வைத்தார்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் இல்லாத வண்டிகளே அதிகம், காதுதான் மீட்டர். ஒரு வண்டியின் காதுக்கணக்கு இன்னொரு வண்டிக்கு உதவாது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார்களாமே?

விட்டார்கள். வேகமும் வரும், டீசலும் மிஞ்சும். சின்க்ரோ இல்லாத பெட்டியில் ஒருமுறை நியூட்ரலுக்குப் போய் வேகம் பிடித்துவிட்டால் திரும்பக் கியர் போடுவது கிட்டத்தட்ட நடக்காது. அப்புறம் பிரேக் மட்டுமே கதி, அதுவும் சூடேறிப் பிடிப்பு இழக்கும் டிரம் பிரேக். சிரித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்பவர்கள் பிழைத்து வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சினையே பிரேக்காக்கும் கருவிக்குப் பின்னாலும் இப்படியொரு இறக்கம்தான். கம்மின்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-ல் அமெரிக்காவில் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் போய், ரயிலில் மோதாமல் தப்பினார். அந்தப் பயம்தான் பின்னாளில் அவரை எஞ்சின் பிரேக் செய்யவைத்தது. ஜேக்கப்ஸ் கம்பெனி அதை 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

குளிர்காலம் எப்படி இருந்தது?

கொடுமை. ஹீட்டர் பல வண்டிகளில் கிடையாது. மரச்சட்டக் கேபினின் இடுக்குகளில் காற்று விசிலடிக்கும். எஞ்சின் பெட்டி கேபினுக்கு நடுவில் இருப்பதால் ஒரு காலுக்கு வெந்நீர் ஒத்தடம், மறுகால் மரத்துப்போகும். ராத்திரி தூக்கமும் அந்தப் பெட்டியின் மேல் கம்பளியைப் போட்டுக் குறுக்கே படுத்துத்தான். கடுங்குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். டேங்குக்கு அடியில் எண்ணெய்த்துணியைக் கொளுத்திப் பிடித்தவர்கள் உண்டு. அதைத் தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ரோல்ஸ்-ராய்ஸ் என்றால் அந்தக் கார் கம்பெனியா?

அதே பெயர்தான். ஷ்ரூஸ்பரியில் அவர்களுக்கு டீசல் எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. 12 லிட்டர் ஈகிள் எஞ்சின் அங்கே தயாரானது. 220, 265 என்று திறனைச் சேர்த்தே டிரைவர்கள் அதைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் ஷாட்ஸ் ஊரில் கம்மின்ஸ் 1956-ல் தொழிற்சாலை திறந்தது. கார்ட்னர் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில் இந்த இரண்டும் அந்த இடத்தைப் பிடித்தன. 14 லிட்டர் கம்மின்ஸ் டீசலை அதிகம் குடிக்கும். மேட்டில் கார்ட்னரைத் தாண்டியும் போகும்.

இவ்வளவு நல்ல எஞ்சின்கள் இருந்தும் அந்தக் கம்பெனிகள் ஏன் காணாமல் போயின?

மோட்டார்வே ஒரு காரணம். 30 மைல் வேகத்துக்கு ஏற்ற எஞ்சினிடம் 60 மைல் கேட்டார்கள். ஆனால் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிவது கேபின்தான். 1960களின் இரண்டாம் பாதியில் வால்வோ எஃப்88-ம் ஸ்கானியாவும் பிரிட்டனுக்குள் வந்தன. ஹீட்டர், நல்ல சீட், படுக்கை, சின்க்ரோ கியர், சத்தம் குறைந்த கேபின். 1969-ல் ஸ்கானியாவின் 14 லிட்டர் வி8 350 குதிரைத்திறனோடு வந்தது, நூற்றெண்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வண்டியில் ஒரு வாரம் ஓட்டிய டிரைவர் பழைய வண்டிக்குத் திரும்ப முகம் சுளித்தார். பிரிட்டிஷ் கம்பெனிகள் டிரைவரின் முதுகைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது.

கார்ட்னர் டர்போ போடத் தயங்கி, மிகத் தாமதமாகப் போட்டது. 1977-ல் ஹாக்கர் சிட்லியிடம் போய், 1986-ல் பெர்கின்ஸ் கைக்கு வந்தது. ஃபோடன் பெயர் 2006-லும் இ.ஆர்.எஃப். பெயர் 2007-லும் முடிந்தன.

"அந்தக் கால எஞ்சின்தான் உறுதி" என்பது உண்மையா?

பாதி. மெதுவாகச் சுற்றும், தன் சக்திக்குள் வேலை செய்யும் எஞ்சின் நீண்டகாலம் உழைக்கும். சாலையோரத்தில் ஸ்பானரை வைத்தே பல கோளாறுகளைச் சரிசெய்யலாம் என்பதும் உண்மை. ஆனால் கார்ட்னர் நூற்றெண்பதைப் புகழ்பவர்கள் அதே காலத்து ஏ.இ.சி. வி8-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. கெட்டவை எல்லாம் உடைத்து இரும்புக்குப் போய்விட்டன, நல்லவை மட்டும் ஊர்வலத்தில் வருகின்றன. புகை, காதைக் கெடுக்கும் இரைச்சல், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைத் திருப்பித் திருப்பித் தேய்ந்த தோள் என்று மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. நன்றாகத் துருவிக் கேட்டால் அந்த டிரைவர்களே சொல்வார்கள்.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம், கேட்கலாம்?

லங்காஷயரில் லேலண்ட் ஊரிலேயே பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடும் வண்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால், லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளும் பஸ்களும் போகும் ஓட்டம் 1962-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட கூடல்களுக்குப் போவதாக இருந்தால் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே அங்கே இருங்கள். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பளபளப்பைச் சாயங்காலம்கூடப் பார்க்கலாம். குளிர்ந்த கார்ட்னரின் பம்பில் ஒருவர் நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஸ்டார்ட் செய்வதைக் காலையில் மட்டும்தான் பார்க்க முடியும். பக்கத்தில் ஒரு கமர் நின்றால் அதன் சைலன்சருக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம்.